ஜார்ஜியா 7-6 என்று ஜெயித்தும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் எப்படி 2008 அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சாம்பியன்?

நீங்கள் பார்த்த 7-6 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் மட்டும்தான். இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹா நகரில் கோப்பை மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்பவருக்கு. அடுத்த நாள் ஃப்ரெஸ்னோ 19-10, அதற்கடுத்த நாள் 6-1 என்று ஜெயித்தது.

அந்த 6 ரன்களையும் அடித்துச் சேர்த்தவர் ஒரே ஆள்: ஸ்டீவ் டெட்வைலர். கட்டைவிரல் தசைநார் கிழிந்த கையோடு இரண்டு ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது)! இன்றும் நினைத்தால் சிலிர்க்கிறது.

ஃப்ரெஸ்னோவுக்குப் போட்டிக்கு முன் தரப்பட்ட 'நான்காம் இடம்' என்பதும் உங்களைக் குழப்பியிருக்கலாம். அது தேசிய அளவிலான தரவரிசை இல்லை, நான்கு அணிகள் கொண்ட பிராந்தியச் சுற்றின் தரவரிசையில் கடைசி இடம். ஜூன் 23, 24, 25 தேதிகளின் ஸ்கோர்களை வரிசையாகப் பாருங்கள், மூன்றில் இரண்டு வெற்றி ஃப்ரெஸ்னோவுக்கு.

ஆனால் 1988 முதல் 2002 வரை இறுதி ஒரே ஆட்டம்தான், அந்த ஆண்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.