நாயோடு ஆற்றோரம் நடந்து ஃபோர்ட் கெனிங் கோட்டைக்கு: கேள்வி பதில்

பத்து வருடத்துக்கு மேலாக என் கருப்பனோடு சிங்கப்பூர் ஆற்றோரம் நடந்து ஃபோர்ட் கெனிங் குன்றில் ஏறி இறங்குகிறேன். அவன் சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய், வயது பன்னிரண்டு. நாயோடு அங்கே போவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கேட்டவர் பெயருக்குப் பதிலாக அவர் வசிக்கும் சிங்கப்பூர் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன்.

தெம்பனிஸ்: அண்ணா, எங்கே தொடங்குவது? எவ்வளவு நேரம் ஆகும்?

கவனா பாலத்தில் தொடங்குங்கள். 1869இல் கட்டிய பாலம். மாடும் குதிரையும் இதில் போகக்கூடாது என்ற பழைய போலீஸ் அறிவிப்பு இன்னும் அங்கேயே நிற்கிறது. போட் கீ, கிளார்க் கீ வழியாக நடந்து, ரிவர் வேலி சாலையைக் கடந்து மேலே ஏறினால் நாய் மோந்து பார்க்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம். குன்று 50 மீட்டர் உயரம்கூட இல்லை. காலை 7 மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பி 9 மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

ஈசூன்: எங்கள் பக் நாய்க்கு நாலு வயது. ஏற முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் அவன் நாக்கைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அந்த மூச்சு வழியே குறுகல். நம் ஊரின் ஈரக் காற்றில் மூச்சிரைப்பும் சரியாக வேலை செய்யாது.

ஒருமுறை நானே தவறு செய்தேன். கிளம்பத் தாமதமாகி, 11 மணிக்குப் படியேறினோம். பாதியில் கருப்பன் ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். நாக்கு நுனி அகப்பை மாதிரி விரிந்து, ஓரம் மேலே சுருண்டிருந்தது. ஈறு செங்கல் நிறம். நிழலுக்குத் தூக்கிப்போய், இருந்த தண்ணீரையெல்லாம் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் ஊற்றி, தொப்பியால் விசிறினேன். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பை முதலில் குளிரவைத்துவிட்டு, உடனே மருத்துவரிடம் போங்கள். அவன் பிழைத்துக்கொண்டான். அந்த முன்கால் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அங் மோ கியோ: வேலை முடிந்து மாலை 5 மணிக்குப் போகலாமா?

வேண்டாம். கல்லும் சிமெண்டும் பகல் முழுக்கக் குடித்த சூட்டை அப்போதுதான் கக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. பொழுது சாய்ந்த பிறகு போங்கள்.

ஜூரோங்: கோட்டை என்றீர்கள். போய்ப் பார்த்தால் ஒரு வாசலும் கொஞ்சம் சுவரும்தான் இருக்கிறது!

தம்பி, மிச்சம் அவ்வளவுதான். 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்ததும் இங்கிருந்த ஐரோப்பியர்களுக்குப் பயம் வந்தது. 1859இல் தொடங்கி 1861இல் கோட்டையை முடித்தார்கள். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கெனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். 1907இல் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். அந்த வாசலில் கனத்த மரக்கதவு இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தை நாயோடு குனிந்து பாருங்கள், அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள்.

ஜூரோங், மறுபடியும்: தண்ணீர் வசதிகூடச் சரியாக இல்லாத கோட்டையாமே. அதில் என்ன பெருமை?

பெருமை என்று நான் சொல்லவில்லை. முற்றுகை வந்தால் தாங்குகிற அளவுக்கு அதற்குச் சொந்தத் தண்ணீர் இல்லை என்பது உண்மை. ஆனால் குன்றின் கதை கோட்டையோடு தொடங்கவில்லை. மலாய்க்காரர்கள் இதை புக்கிட் லாராங்கான், தடைசெய்யப்பட்ட குன்று, என்றார்கள். அரச மகளிர் நீராடியதாகச் சொல்லப்படும் ஊற்று ஒன்று இங்கே இருந்தது. 1920களில் நீர்த்தேக்கத்துக்குத் தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. அடிவாரத்து தேசிய அரும்பொருளகத்தில் போய்ப் பாருங்கள்.

குவீன்ஸ்டவுன்: எல்லாம் ராஜா கதை, வெள்ளைக்காரன் கதை. நமக்கு அங்கே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கோட்டை வேலை தொடங்கிய அதே 1859இல்தான் குன்றின் அடிவாரத்தில் தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் கட்டினார்கள். தைப்பூசக் காவடி சிராங்கூன் ரோட்டிலிருந்து வந்து முடிகிற இடம். மேலே பீரங்கியைத் தூக்கி வைத்த காலத்தில் கீழே வேலும் மயிலும் வந்துவிட்டன. நம் கதை அங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது? தைப்பூசத்தன்று மட்டும் நாயை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கூட்டமும் மேளமும் அதற்கு ஆகாது.

செங்காங்: எம்ஆர்டி ரயிலில் நாயை ஏற்றலாமா?

வழிகாட்டி நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. செல்லப்பிராணிகளை ஏற்றும் டாக்சியைப் பதிவு செய்யுங்கள்.

பிடோக்: எங்களிடம் ஷிட்சு. மதியம் மரநிழலில் நடந்தால் பரவாயில்லையா?

ஈசூன்காரருக்குச் சொன்னதுதான். ஷிட்சுவுக்கும் தட்டை மூக்குதான். மதியம் கூடாது.

வுட்லண்ட்ஸ்: காலை 10 மணிக்குத் தொடங்கினால்?

9 மணிக்குள் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இறங்க வேண்டிய நேரத்தில் ஏறத் தொடங்குவானேன்?

பொங்கோல்: ஆற்றில் நீர்நாய்க் கூட்டம் வந்தால்?

கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நில்லுங்கள். குட்டிகளோடு இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். குட்டியைக் காக்க அவை பாயும், கடியும் ஆழமாக இறங்கும். எங்கேயும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். குன்றில் இருக்கும் இஸ்கந்தர் ஷா கெராமாட் என்ற புனித அடக்கத்தலத்தின் பக்கம் நாயை நெருங்க விடாதீர்கள், பிறர் வழிபடும் இடம் அது.

புக்கிட் பாத்தோக்: ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரைக் கோட்டைகளுக்கு நாயைக் கூட்டிப்போக ஆசை.

திரும்பி வருவதற்கான விதிகளை முதலில் விலங்குநல மருத்துவச் சேவையிடம் கேளுங்கள். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநோய் இல்லை, அதனால் கண்டிப்பாக இருப்பார்கள்.

தோ பாயோ: எங்கள் நாய்க்கு 13 வயது, படி ஏறாது. அவனுக்கு அந்த வாசலைக் காட்டவே முடியாதா அண்ணா?

முடியும் தங்கச்சி. படியை விட்டுவிட்டுச் சரிவுப் பாதையில் போங்கள். வளைவுக்கு வளைவு நின்று, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். கருப்பனும் இப்போது அப்படித்தான் ஏறுகிறான். அவன் வழியிலேயே படுத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், நாங்கள் ஆற்றங்கரைக்கே திரும்பிவிடுவோம்.