மருத்துவர் பதில்கள்: எல்லா இரத்தத்தையும் சோதிக்கிறார்களே, பிறகு ஏன் கேள்விகள்?

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போன என் மகனிடம், அண்மையில் புதிதாக யாருடனாவது உறவு உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இரத்தத்தை எப்படியும் ஆய்வகத்தில் சோதிக்கத்தானே போகிறார்கள்? நல்லது செய்யப் போன பிள்ளையை இப்படிச் சங்கடப்படுத்தலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உங்கள் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது, அம்மா. ஆனால் அந்தக் கேள்விகள் உங்கள் மகனின் ஒழுக்கத்தை எடைபோடுவதற்காகக் கேட்கப்பட்டவை அல்ல. ஆய்வகத்தின் கண்ணுக்குத் தப்பும் சில நாட்களைப் பற்றிக் கொடையாளரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

வைரஸ் உடலில் புகுந்தவுடனே சோதனையில் தெரிந்துவிடுவதில்லை. எச்.ஐ.வி.யை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருட்கள் சோதனையில் அகப்பட ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், தென்னாப்பிரிக்க தேசிய இரத்த சேவை 2005 முதல் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் தனித்தனியே எடுத்து, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய மூன்று வைரஸ்களின் மரபணுப் பொருளையே நேரடியாகத் தேடுகிறது. கொடையாளரின் இனத்தையும் சேர்த்து ஆபத்தைக் கணித்த பழைய முறை கைவிடப்பட்டதும் அதை ஒட்டித்தான். இந்நாட்டில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் இந்தச் சோதனையிலும் எச்.ஐ.வி. ஏறத்தாழ ஒரு வாரமும், ஹெபடைட்டிஸ் பி சில வாரங்களும் அகப்படாமல் இருக்கக்கூடும். ஒருவர் தரும் இரத்தம் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கப்பட்டு மூன்று நோயாளிகள் வரை போய்ச் சேரும். தட்டணுக்கள் ஐந்து நாட்களே தாங்கும் என்பதால், கொடையாளரைச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதித்த பிறகு பயன்படுத்துவோம் என்று காத்திருக்கவும் முடியாது.

மருந்து பற்றிய கேள்வி அதைவிட முக்கியமானது. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.வி. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்பவரின் இரத்தத்தில் வைரஸ் சோதனைக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிடும். தொற்று வராமல் தடுக்க உட்கொள்ளும் பிரெப் மாத்திரையும், தொற்று ஏற்பட்டுவிட்டால் அதன் அடையாளங்களைத் தாமதப்படுத்தக்கூடும். இங்குள்ள கொடையாளர்களிடையே, வெளியில் சொல்லாமல் ஏ.ஆர்.வி. உட்கொண்டவர்கள் இருந்ததை ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது தவறு. வெட்கமும் அச்சமும்தான் பலரை மறைக்கச் செய்கின்றன. தமக்குத் தொற்று உண்டா என்று அறிய விரும்புபவர் முகாமுக்கு வராமல் அரசு கிளினிக்குக்குச் செல்லட்டும், அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம்.

இரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகு சொல்லத் தவறிய ஏதேனும் நினைவுக்கு வந்தால், உங்கள் மகன் இரத்த சேவைக்கு உடனே தொலைபேசியில் தெரிவிக்கட்டும். நோயாளிக்கு ஏற்றப்படுவதற்கு முன் தகவல் கிடைத்துவிட்டால் அந்த இரத்தத்தைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள்.