மெல்பர்னில் ஒரு குரோவேஷியா

கேள்வி: வெளிநாட்டில் குடியேறியவர்கள் சேர்ந்து தொடங்கிய கால்பந்து கிளப் ஏதாவது ஒன்றின் வரலாற்றைச் சொல்ல முடியுமா?

"ஞாயிற்றுக்கிழமை குரோவேஷியா விளையாடுகிறது, வருகிறாயா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலாகக் கேட்டபோது, அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டேன். ஞாயிறு மதியம் கார் சாவியோடு வந்து நின்றார். மெல்பர்னின் மேற்குப் புறத்தில், சன்ஷைன் நார்த்தின் சோமர்ஸ் தெருவில், தொழிற்கூடங்களும் கிடங்குகளும் இருக்கும் பகுதியில் ஒரு மைதானத்தின் முன் வண்டியை நிறுத்தினார். வாசலில் இருந்த பெயர் 'மெல்பர்ன் நைட்ஸ்'. குரோவேஷியா எங்கே என்று கேட்டேன். "இதுதான்" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவையில்லை என்பதுபோல உள்ளே நடந்துவிட்டார்.

அந்த 'இதுதான்' என்னவென்று புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

1953இல் தொடங்கப்பட்ட கிளப் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதி முகாம்களிலிருந்து கப்பலேறி வந்த குரோவேஷிய இளைஞர்கள் ஆரம்பித்தார்கள். பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். அன்றைய மெல்பர்னில் 'ஃபுட்பால்' என்றால் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலிய ஆட்டம்தான். (இன்றும் அப்படித்தான். நான் வந்த புதிதில் அலுவலகத்தில் இதனால் பட்ட அவமானம் தனிக் கதை.) நாம் சொல்லும் கால்பந்து குடியேறிகளின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. தெற்கு ஐரோப்பியரை இழிவாகக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து 'வாக்பால்' என்று கேலி செய்தார்கள். ஒதுக்கப்பட்டதால் ஒரு வசதியும் இருந்தது: ஒவ்வொரு இனத்தாரும் தங்களுக்கென்று ஓர் அணி வைத்துக்கொண்டார்கள். கிரேக்கர்களுக்கு ஹெல்லாஸ், யூதர்களுக்கு ஹக்கோவா, மாசிடோனியர்களுக்கு மாகெடோனியா. குரோவேஷியர்கள் தங்கள் அணிக்கு நேராகவே 'குரோவேஷியா' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரில்தான் விஷயமே இருக்கிறது. 1953இல் குரோவேஷியா என்று தனி நாடு கிடையாது. டிட்டோவின் யூகோஸ்லாவியாவில் அது ஒரு குடியரசு மட்டுமே. இங்கு வந்திறங்கியவர்களை ஆஸ்திரேலிய அரசின் ஆவணங்கள் 'யூகோஸ்லாவியர்' என்றே பதிந்தன. என் பக்கத்து வீட்டுக்காரர் 1970இல் வந்தவர். அவர் சொன்னது இது: "வேலைக்குச் சேர்ந்த இடத்தில் யூகோஸ்லாவ் என்று எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அதையே எழுதினார்கள். திங்கட்கிழமை பேப்பரில் கால்பந்து முடிவுகள் வரும் பக்கத்தில் மட்டும்தான் எங்கள் பெயர் இருக்கும்." உலக வரைபடத்தில் இல்லாத ஒரு நாடு விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒருமுறை வென்றும் தோற்றும் கொண்டிருந்தது. 1968இல் விக்டோரியா மாநில சாம்பியன் பட்டமே வென்றது.

இதே மேற்குப் புறத்தில், ஃபுட்ஸ்கிரேயில், எதிர் முகாமின் அணியும் இருந்தது. பெயர் 'ஜஸ்ட்'. யூகோஸ்லாவ் ஐக்கியக் கால்பந்து அணி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சுருக்கமே 'நியாயமான' என்று பொருள் தருவதுதான் வேடிக்கை, ஏனென்றால் இந்த இரண்டு அணிகளும் மோதிய நாட்களில் இரு தரப்பு ரசிகர்களிடமும் நியாயத்தைத் தேடிப் பயனில்லை. அடிதடி சர்வசாதாரணம்.

கிளப்பின் மீது எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது, ஆனாலும் இந்தப் பக்கத்தை மழுப்பிவிட முடியாது. போருக்குப் பின் வந்தவர்களில் சிலர், ஹிட்லரின் துணையோடு குரோவேஷியாவை ஆண்ட உஸ்தாஷா ஆட்சியின் ஆதரவாளர்கள். அந்த நிழல் மைதானத்திலும் விழுந்தது. 1972இல் ஹக்கோவா அணியுடனான ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து கலவரம் செய்ய, குரோவேஷியாவைப் போட்டித் தொடரிலிருந்தே வெளியேற்றினார்கள். எதிரணி யூதர்களின் அணி என்பது அந்தக் காட்சியை இன்னும் கசப்பாக்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சிட்னியில் யூகோஸ்லாவியப் பயண முகவர் அலுவலகத்தின் வாசலில் குண்டு வெடித்தது. 'குரோவேஷியர்' என்ற சொல்லைக் கேட்டாலே பொது மக்கள் முகம் சுளித்த காலம். "நான் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, பேப்பரில் இருந்த பெயரும் போய்விட்டது" என்றார் பெரியவர். யார் தப்பு என்று கேட்டேன். "எங்களுடையதும்தான்" என்றார். அந்த 'உம்'மில் நிறைய அரசியல் இருக்கிறது. நான் தோண்டவில்லை.

விரட்டப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. எஸ்ஸெண்டன் லயன்ஸ் என்ற வேறொரு கிளப்புக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 1970களின் இறுதியில் அந்தப் பெயரிலேயே மாநில லீக்கையும் வென்றார்கள். 1984இல் தேசிய லீக் 24 அணிகளாக விரிந்தபோது மெல்பர்ன் குரோவேஷியாவுக்கும் சிட்னி குரோவேஷியாவுக்கும் ஒரே சமயத்தில் இடம் கிடைத்தது. இதற்கிடையில், 1977இல், சில குரோவேஷியர்கள் கான்பெராவில் ஒரு 'தூதரகமே' திறந்துவிட்டார்கள். இல்லாத நாட்டுக்குத் தூதரகம்! அதை மூடுவதற்காக நாடாளுமன்றம் 1978இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தூதரகத்தை மூடச் சட்டம் இருந்தது. கால்பந்து அணியோ ஞாயிறுதோறும் ஓடிக்கொண்டிருந்தது.

1991 மே மாதத் தேசிய இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எதிரணி சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ். அதன் பயிற்சியாளர் ஹங்கேரியின் பழைய கால்பந்து நட்சத்திரம் சாட்சாத் ஃபெரென்ஸ் புஷ்காஷ், கேப்டன் பின்னாளில் இங்கிலாந்தில் பயிற்சியாளராகப் பேர் வாங்கிய ஆஞ்ச் போஸ்டகோக்லு. 1-1 என்று முடிந்து, பெனால்டியில் குரோவேஷியா தோற்றது. அடுத்த ஆண்டும் இறுதியில் தோல்வி, 1994இலும் தோல்வி. 1995, 1996 ஆண்டுகளில்தான் அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள் கைக்கு வந்தன. வந்தபோது அணியின் பெயர் குரோவேஷியா இல்லை.

1991 ஜூன் 25 அன்று குரோவேஷியா சுதந்திரத்தை அறிவித்தது. நாடு பிறந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து நிர்வாகம், இனப் பெயர்களைக் கைவிடச் சொல்லி கிளப்புகளை நெருக்கியது. இனச் சாயல் இருந்தால் பொதுப் பார்வையாளர்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். முதலில் 'மெல்பர்ன் சி.எஸ்.சி.' என்று மாற்றினார்கள். 'குரோவேஷியா சாக்கர் கிளப்' என்பதன் முதலெழுத்துகள்! இந்தக் குறும்பு அதிக நாள் செல்லவில்லை. பிறகு 'நைட்ஸ்' ஆனது. சிட்னி குரோவேஷியா 'சிட்னி யுனைடெட்' ஆனது. ஃபுட்ஸ்கிரேயின் ஜஸ்ட் 1989லேயே தேசிய லீக்கை விட்டுப் போயிருந்தது, யூகோஸ்லாவியாவுக்குச் சற்று முன்பாக.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மார்க் விடுகா. இந்தக் கிளப்பிலேயே வளர்ந்த பையன், தேசிய லீக்கில் இரண்டு பருவங்கள் கோல் மழை பொழிந்தான். 1995இல் ஆஸ்திரேலியா வந்த குரோவேஷிய ஜனாதிபதி ஃப்ரான்யோ துஜ்மான், தன் தலைநகரான ஸாக்ரெபின் அணிக்கு ஆட வரும்படி நேரிலேயே அழைத்தார். விடுகாவும் போனார். அப்போது அந்த அணியின் பெயர் என்ன தெரியுமா? 'குரோவேஷியா ஸாக்ரெப்'. டினாமோ என்ற பழைய பெயர் கம்யூனிச வாடை வீசுகிறது என்று முதலில் வேறொரு பெயருக்கு மாற்றி, 1993இல் இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அங்குள்ள ரசிகர்களோ எங்களுக்கு டினாமோதான் வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடி, 2000இல் திரும்பப் பெற்றார்கள். அதாவது மெல்பர்னில் 'குரோவேஷியா' என்ற பெயரை வைத்துக்கொள்ள விடவில்லை. ஸாக்ரெபில் அதே பெயரை வேண்டாம் என்றவர்கள் தலையில் கட்டினார்கள். விடுகா பெயர் இழந்த குரோவேஷியாவிலிருந்து பெயர் திணிக்கப்பட்ட குரோவேஷியாவுக்குப் போனார். அவரை விற்ற பணம் சோமர்ஸ் தெருவில் பார்வையாளர் மாடமாக நிற்கிறது. அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

2006 ஜூன் 22, ஷ்டுட்கார்ட், உலகக் கோப்பை: ஆஸ்திரேலியாவும் குரோவேஷியாவும் மோதின. ஆஸ்திரேலியாவின் கேப்டன் விடுகா. இரண்டு பக்கமும் குரோவேஷியப் பெயர்கள்: இங்கே கலாச், போபோவிச், ஸ்கோகோ, சுலினா, அங்கே ஆஸ்திரேலியாவில் பிறந்த ஷிமுனிச், ஷெரிச், டிடுலிட்சா. யோசிப் ஷிமுனிச் கான்பெராவில் பிறந்து மெல்பர்ன் நைட்ஸுக்கு ஆடியவர். அவருக்கு நடுவர் கிரஹாம் போல் இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டியும் வெளியேற்றவில்லை. மூன்றாவதுக்குப் பிறகே சிவப்பு அட்டை வந்தது. முதல் இரண்டில் ஒன்றை நடுவர் ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண் வீரர் பெயரில் குறித்துவிட்டார். ஷிமுனிச் பேசியது அச்சு அசல் ஆஸ்திரேலிய ஆங்கிலம், அதனால் குழம்பிவிட்டேன் என்று பிறகு விளக்கம் சொன்னார். எங்கள் தெரு அன்று யாருக்குக் கை தட்டியது என்று பெரியவரிடம் கேட்டேன். "2-2 தானே, எல்லோருக்கும் போதும்" என்றார்.

2004இல் பழைய தேசிய லீக் மூடப்பட்டு, 2005இல் ஏ-லீக் என்ற புதிய தேசிய லீக் தொடங்கியபோது நைட்ஸ் போன்ற கிளப்புகளுக்கு அதில் இடமில்லை. அன்றிலிருந்து மாநில அளவில்தான் ஆட்டம். 2014இல் இனப் பெயர், சின்னங்களுக்குத் தடை போடும் புதிய கொள்கை வந்தது. 'மெல்பர்ன் குரோவேஷியா' என்பதை விளம்பரதாரர் பெயராகவாவது சட்டையில் போட்டுக்கொள்கிறோம் என்று கிளப் கேட்டுப் பார்த்தது. அதற்கும் அனுமதியில்லை. 2019இல் அந்தக் கொள்கையே கைவிடப்பட்டது.

அது சரியான முடிவு என்பது என் கருத்து. ஆனால் 2022 அக்டோபரில் சிட்னி யுனைடெட் 58 (பழைய சிட்னி குரோவேஷியாதான்) ஆஸ்திரேலியக் கோப்பையின் இறுதிக்கு வந்தபோது, அந்த மகத்தான சாதனையை ரசிகர் கூட்டத்தில் சிலர் ஃபாசிச சல்யூட் அடித்தும், பூர்வகுடிகளின் வரவேற்புச் சடங்கில் கூச்சலிட்டும் கெடுத்தார்கள். கிளப்புக்கு அபராதம் விழுந்தது. தடையை விரும்பியவர்களுக்கு அவர்களே வாதத்தை எடுத்துக் கொடுத்ததுபோல ஆயிற்று. அந்தச் செய்தி வந்த வாரம் பெரியவர் வேலிப் பக்கமே வரவில்லை.

நான் முதலில் போன அந்த ஆட்டத்தில் நைட்ஸ் தோற்றது. ஐந்நூறு பேர் இருந்தால் அதிகம். கம்பிக்குப் பின்னால் நின்ற கிழவர்கள் நடுவரைக் குரோவேஷிய மொழியில் திட்ட, பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் திட்டினார்கள். கரி அடுப்புப் புகையில் செவாப்பி வெந்துகொண்டிருந்தது: விரல் நீளத்துக்கு உருட்டிய கொத்திறைச்சி, ரொட்டிக்குள் வைத்து, மேலே பச்சை வெங்காயம், சிவப்பு மிளகாய்த் துவையல். நம் நாக்குக்குக் காரம் போதாது.

மெல்பர்ன் வந்தால் குளிர்காலத்தில் ஒரு ஆட்டம் பாருங்கள். கனமான ஸ்வெட்டர் அவசியம், திறந்தவெளிக் காற்று எலும்பைத் துளைக்கும். செவாப்பியை இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே வாங்கிவிடுங்கள். இடைவேளையில் வரிசையில் நின்றால் இரண்டாம் பாதியின் முதல் கோல் போய்விடும். எனக்குப் போனது.