ஸ்ட்ரைடிங் எட்ஜில் குளிர்கால ஏற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மான்செஸ்டரில் வசிக்கிறேன். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள ஹெல்வெலின் மலையில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்னும் குறுகிய முகட்டின் வழியாகக் கோடையில் இருமுறை ஏறியிருக்கிறேன். வரும் ஜனவரியில் நண்பர்கள் இருவருடன் அதே வழியில் ஏற விரும்புகிறேன். சாதாரண மலைநடைக் காலணி, அதன்மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக், இரண்டு ஊன்றுகோல்கள் ஆகியவை என்னிடம் உள்ளன. பாதுகாப்புக்காக 30 மீட்டர் கயிறும் வாங்க எண்ணியுள்ளேன். இவை போதுமா?

பதில்: போதாது. முதலில் கயிற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பாறையில் கயிற்றைக் கட்டி நிறுத்தப் பயிலாத மூவர் ஒரே கயிற்றில் பிணைந்து நடந்தால், வழுக்கும் ஒருவர் மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. அந்தப் பணத்தைக் காலணிக்குச் செலவிடுங்கள்.

950 மீட்டர் உயரமுள்ள இம்மலையில், கோடையில் கைகளையும் ஊன்றி ஏறும் எளிய பாதையாக நீங்கள் கண்ட அதே முகடு, விழுந்த பனி பகலில் இளகி இரவில் மீண்டும் இறுகியபின் வேறொரு மலையாகிவிடுகிறது. முகட்டைவிட, அது முடிந்தபின் உச்சிக்கு இட்டுச் செல்லும் செங்குத்தான சரிவுதான் எனக்குக் கவலை தருவது. அங்கே கால் தவறியவர் ரெட் டார்ன் ஏரிப் பக்கமாக நெடுந்தூரம் சறுக்கிவிட நேரும். மைக்ரோஸ்பைக்கின் குட்டையான பற்கள் உறைந்த சமதளப் பாதைக்கு ஏற்றவை. இந்தச் சரிவுக்கு அவை உதவா.

பிரிட்டனில் மலைக்காலணிகளை அவற்றின் அடிப்பாகத்தின் விறைப்பைப் பொறுத்து பி0 முதல் பி3 வரையும், காலணியில் பூட்டும் இரும்புப் பற்சட்டமான கிராம்பானை சி1 முதல் சி3 வரையும் வகைப்படுத்துகிறார்கள். உங்களுடையது பெரும்பாலும் பி0 ஆக இருக்கும். அதில் எந்தக் கிராம்பானையும் பூட்டக்கூடாது, ஏனெனில் அடி வளையும்போதெல்லாம் சட்டம் தளர்ந்து, நடுவழியில் கழன்றுவிடக்கூடும். பி1 காலணிக்கு சி1 மட்டுமே பொருந்தும். பாறையும் பனியும் மாறிமாறி வரும் இந்த வழிக்கு, அடி எளிதில் வளையாத பி2 காலணியையும் பன்னிரண்டு பற்கள் கொண்ட சி2 கிராம்பானையும் நான் பரிந்துரைப்பேன். கடைக்குத் தடித்த காலுறையை அணிந்துகொண்டே செல்லுங்கள். கிராம்பானைப் பொருத்தி, வாரைக் கட்டுவதற்கு முன்பே காலணியைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்கிப் பாருங்கள். விழாமல் பற்றி நின்றால் அளவு சரி. பின்னர் வீட்டில் கையுறையோடு பத்து முறையாவது அதைக் கட்டிப் பழகுங்கள். காற்றில் விரல் மரத்துப்போன பிறகு கற்க முடியாது.

ஊன்றுகோல்கள் அடிவாரத்துக்கே. சரிவில் வேண்டியது சுமார் 55 முதல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பனிக்கோடரி. அதைச் சரிவின் மேற்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வழுக்கியவுடன், வேகம் கூடுவதற்குள், உடல் எடை முழுவதையும் அதன் அலகின்மேல் சாய்த்து நிறுத்தவும் தெரிய வேண்டும். அப்போது கிராம்பான் அணிந்த கால்களை உயர்த்திவைக்க வேண்டும். பற்கள் பனியில் சிக்கினால் ஆள் குப்புறப் புரண்டுவிடுவார். இதை எழுத்தில் படித்துக் கற்க இயலாது. தகுதிபெற்ற பயிற்றுநரிடம் ஒரு நாள் செலவிடுங்கள். இல்லையேல் கோடரி முதுகுப்பையின் அலங்காரம்தான்! தலைக்கவசமும் மறவாதீர்கள்.

கேள்வி: உடை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உலராமல் உடற்சூட்டை உறிஞ்சும். மெல்லிய கம்பளி உள்ளாடை, ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழைச் சட்டை, காற்றும் மழையும் புகாத மேலங்கி என அடுக்கிக்கொண்டு, நிற்கும்போது மட்டும் அணியப் வெப்பம் காக்கும் தடித்த அங்கியைப் பையில் வையுங்கள். 0 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று வீசினால், தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 8 டிகிரியாகப் படும். பாறையைப் பற்றும்போது நனையும் என்பதால் கையுறை மூன்று சோடி வேண்டும். பனித்துகள் கண்ணில் அடிக்கும்போது காகிள்ஸ் என்னும் காப்புக் கண்ணாடி இல்லாமல் வழி தெரியாது.

கேள்வி: கிளம்பலாமா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் மலையுச்சி மதிப்பீட்டாளர்கள் குளிர்காலத்தில் நாள்தோறும் ஹெல்வெலினில் ஏறி, பனியின் தன்மையையும் காற்றையும் வெதர்லைன் என்னும் வானிலை இணையதளத்தில் வெளியிடுகிறார்கள், முந்தின இரவே அதைப் படியுங்கள். உச்சியின் கிழக்கு விளிம்பில் காற்று குவித்த பனி வெளியே துருத்தி நிற்கும் என்பதால், மேலே சென்றபின் ஓரத்தை அணுகாதீர்கள். ஜனவரித் தொடக்கத்தில் நான்கு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். விடியுமுன் மலையடிவாரக் கிராமமான கிளென்ரிடிங்கிலிருந்து புறப்படுங்கள், தலைவிளக்கு ஆளுக்கொன்று இருக்கட்டும். நாட்காட்டியை நம்பிப் பயனில்லை: 1805இல் சார்லஸ் காஃப் என்ற இளைஞர் இம்மலையைக் கடக்கச் சென்று மாண்டது ஏப்ரல் மாதத்தில், மூன்று மாதம் கழித்து உடல் கிடைத்தபோது அவருடைய நாய் அருகிலேயே இருந்தது.

முகட்டுக்கு முன்னால் ஹோல் இன் த வால் என்னும் மதிற்சுவர்த் திறப்பை அடையும்போது காற்று உங்களைத் தள்ளாடவைத்தால், முகட்டில் காலெடுத்து வைக்காமல் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் திரும்புவது ஏறுவதைவிடக் கடினம்.