போன 48,600-ஐ விட மாதாமாதம் போகும் 4,750 பெரியது

கேள்வி: ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மாதம் 31,000 ரூபாய் கைக்கு வரும். கணவரின் வருமானம் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாகிவிடும். போன மாதம் போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, சேலம் பக்கத்து நெசவு ஊரின் பெயரில் ‘இளம்பிள்ளை தறி விலை’ என்று 1,499 ரூபாய்க்கு மூன்று சேலை ஆர்டர் செய்தேன். 12 நிமிடத்தில் ஆஃபர் முடியும் என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வந்தது பழைய கிழிந்த துணி. இணையத்தில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணில் பேசினேன். ரீஃபண்ட் தருவதாக ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 48,600 ரூபாய் போய்விட்டது. பயத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை, அப்புறம்தான் வங்கியில் எழுதிக் கொடுத்தேன். கிரெடிட் கார்டில் வேறு 1,12,000 பாக்கி. மினிமம் தொகை மட்டும் கட்டி வருகிறேன். இரண்டு ஆப்களில் பே லேட்டர் (இப்போது வாங்கி, பிறகு கட்டும் கடன்) 9,000. இப்போது நாத்தனார் என் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ (வட்டியில்லாத் தவணை) போட்டு 24,000 ரூபாய் போன் வாங்கித் தரச் சொல்கிறார். போன வருடம் வாங்கிய வாஷிங் மெஷினுக்கே இரண்டு தவணை பாக்கி வைத்திருக்கிறார். பர்சனல் லோன் எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? சைபர் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லியும் ஒருவர் தினமும் அழைக்கிறார். கூட்டுறவு வங்கியில் 75,000 டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை.

பதில்: முதலில் திருட்டு விஷயம், ஏனென்றால் அதற்குத்தான் நேரமில்லை. வங்கியில் எழுதிக் கொடுத்தது மட்டும் போதாது. 1930 எண்ணில் பேசி, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை நிறுத்தி வைக்க வழியிருக்கிறது. நிறுத்தி வைத்த தொகையைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. ஆனால் இரண்டு நாள் கழிந்துவிட்டது, முழுத் தொகையும் வரும் என்று நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண் போன்றவற்றைக் கொடுத்து ஏமாந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஒரு ரூபாய் போயிருந்தாலும் அது வங்கியின் பொறுப்பு. அந்தத் தேதியும் நேரமும் உள்ள அத்தாட்சியைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த ஆப்பை நீக்கி, எல்லா ரகசிய எண்களையும் மாற்றுங்கள். இன்னொன்று: சில வாரங்களில் யாராவது அழைத்து, “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், 2,000 கட்டணம் கட்டுங்கள்” என்பார்கள். அதுவும் மோசடிதான்.

இனி, உங்களை உண்மையில் கரைத்துக்கொண்டிருப்பது எது என்று பார்க்கலாம். கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்: “மினிமம் தொகை மட்டும் கட்டி வருகிறேன்.”

கார்டு வட்டி மாதம் 3.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் சரியான எண் இருக்கும், பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். 1,12,000-க்கு வட்டி சுமார் 4,030. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 725. ஆக மாதம் 4,750 ரூபாய். மினிமம் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 5,600. அசலில் குறைவது 850 ரூபாய்தான். திருடன் கொண்டுபோன தொகையைப் பத்து, பதினோரு மாத வட்டி தின்றுவிடும். அதற்கு 1930-இல் புகார் கொடுக்கவும் முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று. பாக்கியை முழுதாகக் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ‘இந்தக் கார்டில் வாங்கினால் உடனடி 10 சதவீதத் தள்ளுபடி’ என்ற விளம்பரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 10,000 ரூபாய் பொருளில் 1,000 ரூபாய் மிச்சம். கார்டில் ஏறும் 9,000-க்கு ஜிஎஸ்டியோடு சேர்த்து மாத வட்டி ஏறத்தாழ 380. மூன்றாவது மாதம் முடிவதற்குள் தள்ளுபடி முழுவதும் திரும்பப் போய்விடுகிறது, நான்காவது மாதத்திலிருந்து நீங்கள் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். பாக்கி வைத்திருப்பவருக்கு எந்தக் கார்டு ஆஃபரும் ஆஃபர் கிடையாது. ஷாப்பிங் தளங்களோடு சேர்ந்து வரும் கேஷ்பேக் கார்டுகளுக்கும் இதே கணக்குதான். அவற்றை இவ்வளவு பேர் ஆசையாக வாங்குவதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போகிறது.

சேலை விற்றவனும், நேர்மையான பெரிய தளமும், பே லேட்டர் ஆப்பும் உங்களிடம் பயன்படுத்தியது ஒரே பழக்கத்தைத்தான். கடிகாரம் ஓடும்போதே, கையில் இல்லாத பணத்தில் முடிவெடுக்கும் பழக்கம். இந்தப் பொய் அவசரம் சட்டத்துக்கும் தெரிந்ததுதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. ‘இரண்டே இருப்பு’ என்று பொய்யாகக் காட்டுவது, கேட்காத இன்சூரன்ஸையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. இவற்றைப் பார்த்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் புகார் போய்ச் சேருவதற்குள் பணம் போயிருக்கும். அதனால் உங்கள் போனிலேயே வேகத்தைக் குறையுங்கள். தளங்களில் சேமித்த கார்டை எல்லாம் அழியுங்கள். வங்கி ஆப்பில் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்துங்கள். 2020-லிருந்து ஒவ்வொரு வங்கியும் அந்த வசதியைத் தந்தாக வேண்டும். பே லேட்டர் 9,000-ஐ அடுத்த சம்பளத்தில் கட்டி, இரண்டு கணக்கையும் மூடச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அதுவும் கடனாகத்தான் பதிவாகும்.

அப்புறம், மூவாயிரத்துக்கு மேல் வைக்காத ஒரு தனி சேமிப்புக் கணக்கு தொடங்கி, யுபிஐ-யை அதில் மட்டும் இணையுங்கள். நாளைக்கே இன்னொருவன் ஏமாற்றினாலும் பள்ளிக் கட்டணம் வேறு கணக்கில் இருக்கும். ஆன்லைனில் வாங்க வேண்டியதை அதிலிருந்து வாங்குங்கள். இளம்பிள்ளையில் நேர்மையாக ஆன்லைனில் சேலை விற்பவர்கள் நிறையப் பேர் உண்டு. முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும், எண்ணும் எழுத்துமாக மொத்தம் 15 இருக்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் என்று தெரியும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவை எண்ணை ஆர்டர் செய்த ஆப்புக்கு உள்ளே மட்டும் தேடுங்கள்.

கடனை அடைக்கும் வழி. பர்சனல் லோன் 16 சதவீதம், இரண்டு வருடம் என்றால் தவணை சுமார் 5,500. இப்போது கட்டும் மினிமம் தொகைக்கும் அதற்கும் 100 ரூபாய்தான் வித்தியாசம், கடனும் இரண்டு வருடத்தில் தீரும். அந்த வகையில் மோசமில்லை. இருந்தாலும் அதைவிட மலிவான வழி உங்களிடமே இருக்கிறது. டெபாசிட் தரும் வட்டி 7 சதவீதம் என்றாலும், கார்டுக்கு வருடம் 43 சதவீதத்துக்கு மேல் கட்டிக்கொண்டு அதைப் பாதுகாப்பதில் என்ன லாபம்? 15,000 அவசரத்துக்கு வைத்துக்கொண்டு 60,000-ஐ கார்டில் கட்டுங்கள். நகை இருந்தால், மீதி 52,000-க்கு வங்கியில் நகைக்கடன், சுமார் 10 சதவீத வட்டியில். மாதம் அதே 5,600-ஐக் கட்டினால் பத்து மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி இரண்டரை ஆயிரத்துக்குள் அடங்கும். கார்டு பாக்கி பூஜ்யமான அன்றே வரம்பை 25,000-ஆகக் குறைக்க எழுதிக் கொடுங்கள். காலியான கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த தீபாவளி விற்பனையைச் சந்திக்காதீர்கள்.

நாத்தனார் போன். வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. உங்கள் கார்டில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்து ஆறு மாதத்துக்கு 400 ரூபாய்க்கு மேல் வரும். அது பெரிய தொகையில்லை. மாதம் 4,000 தவணை உங்கள் பில்லில் ஏறும், அவர் தரவில்லை என்றால் நீங்கள்தான் கட்ட வேண்டும், சிபிலில் கெடுவது உங்கள் பெயர். “கார்டில் ஆன்லைன் வசதியை நிறுத்திவிட்டேன் அண்ணி, கடனை அடைக்கும்வரை எனக்கே வாங்கவில்லை” என்று சொல்லுங்கள். வயதில் சிறியவர் என்றால் பெயர் சொல்லியே சொல்லலாம். கணவர் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் பேச்சு வளராது. வாஷிங் மெஷின் தவணை இரண்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சைபர் இன்சூரன்ஸுக்கு இப்போது பணம் போட வேண்டாம். நடந்துபோன இழப்புக்கு எந்தப் பாலிசியும் தராது. நீங்களே அனுமதித்த பரிமாற்றத்துக்கு இழப்பீடு உண்டா என்பது பாலிசியின் விலக்குகள் பகுதியில்தான் தெரியும். தினமும் அழைப்பவரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு போனை வையுங்கள்.