ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் கேஸ் ரிப்போர்ட்டால் யாருக்கு என்ன பயன்?

பொது மருத்துவத்தில் முதலாண்டு பிஜி படிப்பவர் கேட்ட கேள்வி இது. வார்டுக்கு அரிய நோயோடு யாராவது வந்தால் உடனே எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். சீனியர்களோ அதெல்லாம் பயோடேட்டாவில் ஒரு வரி கூட்டத்தான் என்கிறார்கள். இதை ஆராய்ச்சி என்று சொல்லலாமா, தீசிஸ் வேலைக்கு நடுவே இதற்கு நேரம் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

ஒதுக்கலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மெடிசின் வார்டில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். இந்த விஷயத்தில் நானே தப்பாகப் புரிந்துவைத்திருந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பிஜி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, ஒருநாள் விடியற்காலையில் ஓர் இளைஞரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரவு நன்றாகத்தான் படுத்திருக்கிறார். விழித்தபோது இரண்டு காலும் அசையவில்லை. நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்குமோ, மூச்சுத் தசைகளுக்கும் பரவிவிடுமோ என்ற பயத்தில் ஐசியூவில் படுக்கைக்குச் சொல்லிவைத்தோம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. 3.5க்கு மேல் இருக்க வேண்டிய பொட்டாசியம் 1.9 ஆக இருந்தது. பொட்டாசியம் கொடுத்தோம். மதியத்துக்குள் எழுந்து நடந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்போதே மனதுக்குள் கேஸ் ரிப்போர்ட்டுக்குத் தலைப்பு வைத்துவிட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸில் பேராசிரியர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கைகளை நீட்டச் சொன்னார். விரல்களில் மெல்லிய நடுக்கம். "துடிப்பு 116 இருக்கேப்பா, கேஸ் ஷீட்ல என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டார். 'பதற்றம்' என்று எழுதியிருந்தேன். தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினோம். தைராய்டு அளவுக்கு மிஞ்சிச் சுரந்துகொண்டிருந்தது. அதனால் வரும் பீரியாடிக் பராலிசிஸ்தான் அது, அதாவது அவ்வப்போது வந்துபோகும் தசைச் செயலிழப்பு. உடம்பில் பொட்டாசியம் குறைந்துபோகவில்லை, ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போய்விட்டது என்று விளக்கினார். கண்மூடித்தனமாக ஏற்றிக்கொண்டே இருந்தால் அது திரும்ப வெளியே வரும்போது அளவு எகிறி இதயத்துக்கே ஆபத்தாகும் என்றும் சொன்னார். நாங்கள் அன்று ஏற்றிய அளவை நினைத்தால் இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

"சார், ரேர் கேஸ், எழுதிடலாமா?" என்றேன்.

"ரேர்னு யார் சொன்னது? நீ பார்த்ததில்லை, அவ்வளவுதான். இருபதிலிருந்து நாற்பது வயசுக்குள்ள இருக்கற ஆசிய ஆண்கள்கிட்ட இது ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். ஜர்னலுக்கு வேண்டாம். டிபார்ட்மென்ட் மீட்டிங்ல சொல்லு. நாடியை நீ ஏன் கோட்டை விட்டேங்கறதையும் சேர்த்துச் சொல்லு."

சொன்னேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் இரவுப் பணியில் இதே மாதிரி கால் செயலிழந்து இன்னொருவர் வந்தார். அந்த மீட்டிங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹவுஸ் சர்ஜன்தான் பணியில் இருந்தார். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே பொட்டாசியத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார். கேஸ் எழுதுவதற்கு இதுவே போதுமான பயன் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி, ஆராய்ச்சியா என்பது. ஆதாரத்தின் தரவரிசையில் கேஸ் ரிப்போர்ட் கிட்டத்தட்ட அடிமட்டத்தில்தான் இருக்கிறது. அதில் அநியாயம் எதுவும் இல்லை. ஒருவருக்கு ஒரு மருந்து கொடுத்தோம், குணமானார். மருந்து இல்லாமலே குணமாகியிருப்பாரா? அதே மருந்தில் குணமாகாதவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டுக்கும் கேஸ் ரிப்போர்ட்டிடம் பதில் கிடையாது. நல்லபடியாக முடிந்த கதைகளைத்தான் நாமும் எழுதுகிறோம், பத்திரிகைகளும் வாங்கிப் போடுகின்றன என்ற சாய்வும் இதில் சேர்ந்துகொள்கிறது. அதனால் கேஸ் ரிப்போர்ட்டை ஒரு கேள்வி என்று எடுத்துக்கொள்ளுங்கள். சரியான கேள்வியை யாராவது முதலில் கேட்டாக வேண்டும்.

என் நோயாளிக்குத் துடிப்பைக் குறைக்கப் பேராசிரியர் எழுதிக்கொடுத்த மருந்து புரோப்ரனலால். அதே மருந்தின் இன்னொரு கதை, இந்தப் பாதை முழுவதையும் காட்டும். பிறந்த சில வாரங்களில் சில குழந்தைகளின் முகத்தில் சிவந்து வளரும் ரத்தக்குழாய்க் கட்டிக்கு ஹீமாஞ்சியோமா என்று பெயர். பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். ஆனால் கண்ணை மறைத்தாலோ மூச்சை அடைத்தாலோ காத்திருக்க முடியாது. அப்போதெல்லாம் ஸ்டீராய்டுதான் கொடுப்பார்கள். பிரான்சின் போர்டோ நகரத்து மருத்துவர்கள் மூக்கில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்தபோது இதயத் தசை தடித்துவிட்டது. அதற்காகப் புரோப்ரனலால் தொடங்கினார்கள். மறுநாளே கட்டியின் சிவப்பு மங்கி, தொட்டால் மென்மையாக இருந்தது. இதயத்துக்குக் கொடுத்த மருந்தில் முகத்துக் கட்டி மாறுவதை ஒருவர் கண்ணால் பார்த்து, தற்செயல் என்று தள்ளிவிடாமல் நின்றிருக்கிறார். வேறு காரணத்துக்காக அதே மருந்து பெற்ற இரண்டாவது குழந்தையிடமும் அதையே கண்டார்கள். பிறகு பெற்றோரின் சம்மதத்தோடு இன்னும் ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2008ல் சிறிய கடிதமாக வெளியிட்டார்கள்.

கதை அத்தோடு நின்றிருந்தால் அது நம்பிக்கை மட்டும்தான். 2015ல் 460 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஆறு மாதம் புரோப்ரனலால் பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ மறைந்தது. மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கே. இன்று உலகம் முழுவதும் இந்தக் கட்டிக்கு முதல் மருந்து இதுதான். அந்த 460 பேரை வைத்து ஆய்வு செய்யும் யோசனையே முதல் குழந்தையின் முகத்தை மறுநாள் காலையில் கவனித்ததிலிருந்து வந்தது.

பார்ப்பது எப்போதும் பெரியவர்கள்தான் என்றும் நினைக்க வேண்டாம். 1904 டிசம்பரில், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த 20 வயது மாணவர் ஒருவர் சிகாகோ மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் எர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர். சிவப்பணுக்கள் சில நீண்டு, அரிவாள் மாதிரி வளைந்திருந்தன. மூத்த மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். ஹெரிக் அவசரப்படவில்லை, அந்த மாணவரின் உடல்நிலையைத் தொடர்ந்து பதிவு செய்து 1910ல் வெளியிட்டார். எனக்குத் தெரிந்தவரை எழுத்தில் வந்த முதல் அரிவாள் செல் ரத்தசோகை விவரிப்பு அதுதான். காரணம் ஹீமோகுளோபின் மூலக்கூறில் இருக்கிறது என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு காட்டியது 1949ல். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதை வெர்னன் இங்ராம் கண்டுபிடித்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. ஹெரிக்கின் கட்டுரையில் எனக்குப் பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்று அவர் எழுதியது. இந்த அணுக்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று அவர் கதை கட்டவே இல்லை.

பம்பாய் ரத்த வகையும் அப்படி வந்ததே. ஓ வகை என்று பரிசோதனை சொல்கிறது, ஆனால் ஓ வகை ரத்தமே சேரவில்லை. 1952ல் மருத்துவர் பெண்டேயும் சக மருத்துவர்களும் இப்படிப்பட்ட மூவரைப் பற்றி எழுதினார்கள். இப்போது ரத்த வங்கிகள் அதை மனதில் வைத்துப் பார்ப்பதால்தான் அந்த வகைக்காரர்களுக்குத் தவறான ரத்தம் ஏறாமல் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிறிய குறிப்பு பெரிய சேதமும் செய்யும். 1980ல் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி நிவாரணி பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்கு மட்டுமே அடிமைத்தனம் ஏற்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றது. அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது உள்நோயாளிகளைப் பற்றியது, வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களைப் பற்றியது அல்ல. 2017ல் ஆராய்ந்தபோது, அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளில் நான்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவானவை, ஓபியாய்டுக்கு அடிமையாவது அபூர்வம் என்பதற்கே அதை ஆதாரமாக்கியிருந்தன. ஐந்தில் நான்கு கட்டுரைகள், அது உள்நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. எழுதும்போது 'இந்த நோயாளி, இந்தச் சூழல், இவ்வளவு நாள்' என்ற எல்லையை ஒவ்வொரு பத்தியிலும் நீங்கள் கட்டவில்லை என்றால், படிப்பவர் கட்டிக்கொள்ள மாட்டார்.

எப்படி எழுதுவது என்பதற்கு, கேஸ் ரிப்போர்ட்டுகளுக்கென்றே 2013ல் வந்த 'கேர்' (CARE) என்ற வழிகாட்டி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கூடுதலாகச் சொல்வது கொஞ்சம்தான். தேதி வரிசையை முதலில் ஒரு தாளில் போடுங்கள்: எப்போது அறிகுறி, எப்போது மருந்து, எப்போது மாற்றம். நர்ஸ்கள் எழுதும் குறிப்பில் பல நேரம் நம்முடைய கேஸ் ஷீட்டைவிடத் துல்லியமான நேரம் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். உங்கள் முடிவுக்கு ஒத்துவராத பரிசோதனை முடிவையும் விடாமல் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அதைப் படிக்கும் ஒருவருக்கு அதுதான் தேவைப்படலாம். 'உலகிலேயே முதல்முறை' என்ற வார்த்தையைத் தலைப்பில் வைக்காதீர்கள். பணம் கட்டச் சொல்லி, இரண்டே நாளில் ஏற்றுக்கொள்ளும் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் நோயாளியின் கதை யாரும் படிக்காத இடத்தில் போய்ச் சேரும்.

சம்மதம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒரு கையெழுத்தாக நினைத்துவிடுகிறோம். போட்டோவில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடாது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே அது போதாது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அரிய நோய் என்றால் வயது, தொழில், சேர்ந்த தேதி இந்த மூன்றே போதும், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற அவசரத்தில், பில்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவே தாளை நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது உட்காரவைத்து, எழுதியதை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் கால் செயலிழந்த நோயாளிக்கு நான் அப்படித்தான் வாசித்தேன், மீட்டிங்குக்கு முந்தின வாரம். 'இதற்கு முன் இப்படி நடந்ததில்லை' என்ற வரிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இல்லைங்க சார், ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டு தடவையும் முந்தின நாள் கடுமையான வேலை. ராத்திரி நிறையச் சாப்பிட்டுப் படுத்தேன். காலையில எந்திரிக்க முடியல, மதியம் தானா சரியாயிடுச்சு. அன்னைக்கு என்னை யாரும் கேட்கலைங்க."

அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு, அவர் சொன்னபடி எழுதிக்கொண்டேன்.