ஸ்காட்ச்: சிங்கிள் மால்ட்டும் பிளெண்டடும் – கேள்வி பதில்

ஸ்காட்ச் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, “சிங்கிள் மால்ட்தானே உசத்தி?” என்ற ஒரே கேள்விதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சார், சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயில் இருந்து எடுத்ததா? நண்பன் அப்படித்தான் அடித்துச் சொல்கிறான்.

இல்லை. ஒரே டிஸ்டிலரியில், அதாவது ஒரே வடிப்பாலையில், தயாரானது என்று மட்டும்தான் பொருள். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் இந்த மூன்றை வைத்து, செம்பாலான பாட் ஸ்டில் என்ற பானை வடிவ வடிகலத்தில் காய்ச்சி வடித்தால் அது மால்ட் விஸ்கி. அந்த டிஸ்டிலரியின் பல பீப்பாய்களைக் கலந்துதான் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஒரே பீப்பாய் என்றால் லேபிளில் ‘சிங்கிள் காஸ்க்’ என்று இருக்கும்.

கோதுமை, சோளம் போன்ற தானியங்களைச் சேர்த்து, உயரமான ‘காலம் ஸ்டில்’ (column still) என்ற தூண் வடிவ வடிகலத்தில் இடைவிடாமல் வடிப்பது கிரெய்ன் விஸ்கி. மால்ட்டும் கிரெய்னும் சேர்ந்தால் பிளெண்டட். ஸ்காட்ச் என்றால், எந்த வகையானாலும் ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்திருக்க வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

‘பிளெண்டட் மால்ட்’ என்று ஒன்று பார்த்தேன். இது என்ன நடுவில்?

பல டிஸ்டிலரிகளின் மால்ட் மட்டும் கலந்தது, கிரெய்ன் கிடையாது. மங்கி ஷோல்டர் ஓர் உதாரணம். 2003-ல் ‘கார்டு’ (Cardhu) என்ற பெயர்பெற்ற சிங்கிள் மால்ட்டுக்குச் சரக்குப் போதாமல், வேறு டிஸ்டிலரி மால்ட்டுகளையும் சேர்த்து, ஏறக்குறைய அதே தோற்றத்தில் ‘ப்யூர் மால்ட்’ என்று விற்றார்கள். தொழிலுக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு கிளம்பி, திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இன்று லேபிளில் ஐந்தே வகைப்பெயர்கள் என்று 2009 விதிகள் கறாராக இருப்பதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம். ‘ப்யூர் மால்ட்’ என்று ஸ்காட்ச் லேபிளில் இப்போது போட முடியாது.

அண்ணே, பிளெண்டட் மட்டமான சரக்குதானே? காசில்லாதவன் பிளெண்டட், காசிருப்பவன் சிங்கிள் மால்ட் என்கிறார்கள்.

தம்பி, அந்த எண்ணத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். ஸ்காட்ச் உலகமெங்கும் போனதே பிளெண்டட்டால்தான்.

அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி 1830-ல் தன் காலம் ஸ்டில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். லேசான, மலிவான கிரெய்ன் விஸ்கி பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. 1850-களில் எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் கலப்பு விஸ்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1860-ல் வரி கட்டுமுன்பே கிடங்கில் வைத்து மால்ட்டையும் கிரெய்னையும் கலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அதன்பின் கடைக்காரர்களின் காலம். கில்மார்னாக்கில் மளிகைக்கடை வைத்திருந்த வாக்கர், அபர்தீனின் சிவாஸ், பெர்த்தின் டூவர் ஆகிய குடும்பங்கள்தான் இன்று நாம் பார்க்கும் பெயர்கள். சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் மும்முரமாக விற்கும் வேலையை கிளென்ஃபிட்டிக் 1963-ல்தான் தொடங்கியது. இந்த ‘உசத்தி’க்கு வயது அவ்வளவுதான்.

பிளெண்டரின் வேலையை நினைத்துப் பாருங்கள். பிளாண்டேஷன் ஏ-யும் பீபெரியும் அளவு பார்த்துக் கலந்து காப்பித்தூள் அரைக்கிற கடைக்காரருக்கு, ஒவ்வொரு வருடமும் கொட்டை மாறினாலும் டம்ளரில் அதே காப்பி வர வேண்டும் அல்லவா? அதே பாடுதான் இங்கும், ஆனால் முப்பது நாற்பது சரக்குகளோடு. ஒரு டிஸ்டிலரி மூடிவிடும், ஒரு பீப்பாய் எதிர்பார்த்தபடி முதிராது. பாட்டிலின் சுவை மட்டும் மாறக் கூடாது. அதுவும் பெரும்பாலும் நாக்கால் அல்ல, மூக்கால் செய்கிற வேலை.

ஜானி வாக்கர் பிளாக் லேபிள் என்ற பிளெண்டட்டை ஐஸ் இல்லாமல், அவசரமில்லாமல் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அடியில் மெல்லிய புகை தெரியும். அது காவோல் ஈலா மாதிரியான, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு மால்ட்டின் கைவரிசை. மலிவான பிளெண்டட் சில தொண்டையை அறுப்பது உண்மைதான். அது இளம் கிரெய்னைக் கொட்டியதன் விளைவு. கலப்பைக் குற்றம் சொல்லாதீர்கள்.

லஃப்ராய்க் வாங்கினேன். ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. கெட்டுப்போன பாட்டிலா?

கெட்டுப்போகவில்லை, அதுதான் அதன் அடையாளம்! லஃப்ராய்க் தயாராகும் ஐலா தீவில் மரம் குறைவு. சதுப்பில் செடிகொடி மக்கி இறுகிய பீட் மண்தான் அங்கே பழங்காலத்து எரிபொருள். முளைவிட்ட ஈரப் பார்லியைப் பீட் புகையில் காய வைக்கும்போது ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. டிங்சர், தார், கரி வாடையெல்லாம் அங்கிருந்து வருகிறது. தீவின் தென்கரையில் வரிசையாக லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் இருக்கின்றன. மூன்றும் புகைதான், ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. லகவூலினில் புகைக்குள் ஓர் இனிப்பு உண்டு, என் மனத்துக்கு அதுதான் நெருக்கம். அதே தீவின் புன்னஹாவென் பெரும்பாலும் புகையே இல்லாதது. அதனால் ஐலா என்றாலே புகை என்று முடிவு கட்டாதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் பாட்டிலை மூடி வையுங்கள். சில மாதம் வேறு மால்ட்டுகளைச் சுவைத்துவிட்டு திரும்பி வாருங்கள்.

மாமா கொடுத்த 12 வருட பாட்டில் 20 வருடமாக அலமாரியில் இருக்கிறது. இப்போது 32 வருட விஸ்கியா?

12 வருட விஸ்கிதான். பீப்பாயை விட்டு வெளியே வந்ததும் வயது நின்றுவிடுகிறது. ஒயின் போலப் படுக்க வைத்திருந்தால் உடனே நிமிர்த்துங்கள், ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

கருத்த நிறம் என்றால் பழையது, நல்லது என்று நம்பலாமா?

நம்ப வேண்டாம். வடித்து வரும்போது விஸ்கி தண்ணீர் மாதிரி நிறமற்றது. நிறம் பீப்பாயிலிருந்து வருகிறது. கேரமல் நிறமி சேர்க்கவும் சட்டம் அனுமதிக்கிறது.

பீப்பாயைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் பர்பன் என்ற அந்நாட்டு விஸ்கிக்குப் புதிதாகக் கருக்கிய ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்படுத்தியதும் அவை ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. வனிலா, தேங்காய் வாசம் தருபவை இவை. ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் ஊறிய பீப்பாய் உலர்திராட்சை, பேரீச்சை, பட்டை வாசத்தைத் தரும். லேபிளில் எழுதிய வயது, கலந்தவற்றில் மிக இளையதன் வயது. சோர்ந்துபோன பீப்பாயில் 18 வருடம் கிடந்ததைவிட நல்ல பீப்பாயில் 10 வருடம் இருந்தது மேல் என்பேன்.

தண்ணீர் கலந்தால் பாவமா சார்?

பாவமே இல்லை, பிளெண்டர்களே நீர் ஊற்றித்தான் முகர்கிறார்கள். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி வைத்துப் பார்த்தார்கள். புகைவாசம் தரும் குவாயகோல் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் மிக அதிகமாக இருக்கும்போது திரவத்துக்குள்ளே அமுங்கிக் கிடக்கிறது. 45 சதவீதம் வரை இறங்கியதும் மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே வந்தால்தானே மூக்குக்குக் கிடைக்கும்? சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஒவ்வொரு முறையும் முகருங்கள். ஐஸ் வாசத்தை அடக்கிவிடும், அதனால் புது பாட்டிலின் முதல் கிளாஸில் வேண்டாம். வெயில் நாளில் பிளெண்டட்டும் சோடாவும் அருமையான சேர்க்கை. அந்தக் காலத்து பிரிட்டனே அப்படித்தான் குடித்தது.

பெங்களூர் அம்ருத் சிங்கிள் மால்ட், ஸ்காட்ச் ஆகுமா?

சிங்கிள் மால்ட் ஆகும், ஸ்காட்ச் ஆகாது. 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகமானது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் அதைவிடப் பல மடங்கு. அதனால் அங்கே சில ஆண்டுகளிலேயே முதிர்ந்துவிடுகிறது.

முதன்முதலாக ரசித்துப் பார்க்க எதை வாங்கலாம்? என்ன கிளாஸ் வேண்டும்?

ஒரே பாட்டிலை வைத்துக் கற்றுக்கொள்வது கடினம். மூன்று நண்பர்கள் சேர்ந்து மூன்று வாங்குங்கள்: பிளாக் லேபிள், ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியிலிருந்து ஏதாவது ஒரு 12 வருட மால்ட், தாலிஸ்கர் 10 வருட மால்ட். கிளாஸ் அடி பருத்து வாய் குறுகியதாக இருந்தால் போதும். கொஞ்சமாக ஊற்றி, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். லேபிளை மறைத்து ஒரு சுற்று கட்டாயம் வையுங்கள். சிங்கிள் மால்ட் என்று நினைத்து எத்தனை பேர் பிளாக் லேபிளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.